மூன்று பேருக்கு மட்டும் ராட்டினம்

பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் என் மகனுக்கு,

யாழினி சௌக்கியம். நீ கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். காலையில் இட்லி சாப்பிட்டாள், தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டாள், இப்போது கூடத்தில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறாள். எட்டு வயசுப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து கூட்டிவந்து, எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, நாலு நாளில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாய். வியாழக்கிழமை உங்களுக்கு விமானம். நீ, உன் மனைவி கவிதா, உன் மகன் நிகில், மூன்று பேரும் ஐரோப்பாவுக்கு ராட்டினம் ஏறப் போகிறீர்கள். உன் மகள் ஒட்டன்சத்திரத்தில் இருப்பாள். அது அவளுக்குத் தெரியாது. தெரியப்படுத்துகிற வேலையை என் தலையில் கட்டினாய். "பாஸ்போர்ட் வரலைன்னு சொல்லிருங்கப்பா, சின்னப் புள்ளதானே, நம்பிருவா" என்றாய். அந்த வேலையை முடித்துவிட்டேன். எப்படி முடித்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிடுவாய். கொரியரில் வருவதை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

மகனுக்குக் கடிதம் எழுதுகிற தகப்பன்மார் முதலில் தங்கள் குற்றங்குறைகளைச் சொல்லிக் கொஞ்சம் கண்ணைக் கசக்குவார்கள், பிறகு புத்தி சொல்வார்கள். எனக்குக் கண்ணைக் கசக்க வராது. காலமெல்லாம் முருங்கைக்காய் மண்டி நடத்துகிறவனுக்கு வாய்தான் நன்றாக வரும். சின்ன வயசில் அந்த வாய்க்குப் பயந்து உங்கம்மா முந்தானைக்குப் பின்னால் நின்றுதான் என்னோடு பேசுவாய். நல்ல சம்பளம் வந்த பிறகு போனுக்குப் பின்னால் நின்று பேசுகிறாய். இதுவும் அப்பா ஏதோ பாசமாக எழுதியிருக்கிறார் என்று நினைத்துக் காபியைக் கையில் எடுத்துக்கொண்டு சாய்ந்து உட்காராதே. நின்றுகொண்டே படி, அதுவே போதும்.

உனக்கு ராட்டின ஆசை எப்போது பிடித்தது என்று எனக்குத் தெரியும். நீ ஐந்தாவது படிக்கும்போது திண்டுக்கல்லில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். உன்னையும் உங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். போனதும் டெல்லி அப்பளம் கேட்டாய், வாங்கிக் கொடுத்தேன். மிளகாய்ப்பொடி தூவினது வேண்டும் என்றாய், அதையும் தூவச் சொன்னேன். பிறகு கொலம்பஸில்தான் ஏறுவேன் என்று மண்ணில் உட்கார்ந்துகொண்டாய். கப்பல் மாதிரி செய்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆட்டுவார்களே, அது. டிக்கெட் கிழிக்கிறவன் உன்னை மேலும் கீழும் பார்த்து, "பையன் குட்டியா இருக்கானேண்ணே, கம்பிய எட்டாது" என்றான். நீயும் அந்த வயசில் ஒன்றும் பனைமரம் இல்லை. "கம்பி எட்டாட்டி எங்கைய புடிச்சுக்குவான், நீ கப்பல ஆட்டு" என்று சொல்லி உன்னோடு நானும் ஏறினேன். அது பாதி உயரம் போனதும் நீ போட்ட கூச்சலில் பக்கத்தில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவன் கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தான். தின்ற அப்பளம் முழுவதையும் என் வேட்டியில் கக்கினாய். கால்சட்டையும் நனைந்தது. அந்த வேட்டியோடுதான் பஸ்ஸில் ஊர் வரைக்கும் வந்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில், கொலம்பஸில் எங்கப்பாதான் கத்தினார், நான் கத்தவில்லை என்று சொல்லியிருக்கிறாய். உங்கள் வாத்தியார் மார்க்கெட்டில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார். ஆமாங்க, எனக்குக் கொஞ்சம் பயமுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்படிப்பட்ட வீரன் இப்போது ஐரோப்பாவிலேயே உயரமானது எதுவோ அதில் ஏறப் போகிறாய். மாற்றுக் கால்சட்டை ஒன்று கைப்பையில் இருக்கட்டும். இந்தக் கடிதத்தில் நான் சொல்கிற புத்திமதி இது ஒன்றுதான்.

போன தீபாவளிக்கு வந்தபோது முதல்முறையாக இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசினாய். பேசினாய் என்பது தப்பு, படம் காட்டினாய். பண்டிகைப் படம் பார்த்துக்கொண்டிருந்த உங்கம்மாவிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்கி, உன் லேப்டாப்பை டி.வி.யில் மாட்டி, கட்டம் கட்டமாக ஒரு திட்டத்தை ஓட்டினாய். ஜெர்மனியில் ஒரு பூங்கா, ஹாலந்தில் ஒன்று, பாரீஸ் பக்கத்தில் ஒன்று. எந்த ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பஸ் பிடிப்பது, எந்த ஓட்டலில் தங்கினால் மற்றவர்களுக்கு முன்னால் கேட்டுக்குள் விடுவார்கள், உள்ளே போனதும் எந்த ராட்டினத்துக்கு ஓடுவது, எல்லோரும் சாப்பிடப் போகிற நேரத்தில் எதில் வரிசை குறையும், மழை வந்தால் எதை மூடுவார்கள், எல்லாம் அதில் இருந்தது. சாப்பாட்டுக்கு நேரம் ஒதுக்கவில்லையே என்று உங்கம்மா கேட்டாள். வரிசையில் நிற்கும்போதே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றாய். நிகில் ஒவ்வொரு ராட்டினத்தின் பெயரையும் வேகத்தையும் ஒப்பித்தான். பதிமூன்று வயசுப் பிள்ளை, ஆசைப்படட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. கவிதா கல்லூரிக் காலத்திலிருந்தே இதெல்லாம் ஏற ஆசைப்பட்டவளாம், சந்தோஷமாகச் சொன்னாள். யாழினி டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்று, ஒரு மூலையில் இருந்த குட்டி ரயிலைத் தொட்டு, "இது எனக்கு" என்றாள். பச்சை நிறத்தில் பாம்புத் தலை வைத்த ரயில். "அதெல்லாம் பாப்பாங்க ஏறுறது, டைம் வேஸ்ட்" என்று சொல்லி அடுத்த கட்டத்துக்குப் போனாய். அவளே ஒரு பாப்பாதான் என்பது உன் திட்டத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அன்றைக்குத்தான் அந்தக் கோட்டைப் பற்றியும் சொன்னாய். ஒவ்வொரு பெரிய ராட்டினத்தின் வாசலிலும் ஒரு கம்பம் நட்டு, ஒரு மீட்டர் இருபதில் கோடு போட்டிருப்பார்களாம். அந்தக் கோட்டைத் தொடாத பிள்ளையை உள்ளே விடமாட்டார்கள், கெஞ்சினாலும் விடமாட்டார்கள் என்றாய். நல்ல சட்டம்தான். நம் ஊர் கொலம்பஸ்காரனைப் போல என்னை மாதிரி ஆளின் பேச்சைக் கேட்டு ஏற்றிவிடாமல், பிள்ளை தவறி விழக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அவர்கள் அதை ராட்டினத்தின் வாசலில் நட்டார்கள். நீ அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து உன் வீட்டுக்குள் நட்டாய். படுக்கையறை நிலையில் பென்சிலால் கோடு போட்டு, தினமும் பல் விளக்கினதும் அவளை அதில் சாய்த்து நிறுத்தினாய். உத்திரத்தில் கம்பி மாட்டித் தொங்கச் சொன்னாய். பிள்ளை தொங்கும்போது நீ பக்கத்தில் நின்று போனில் நேரம் பார்ப்பாயாம், கவிதாதான் உங்கம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். பால், முட்டை, ராகிக்கஞ்சி, டப்பாவில் வருகிற மாவு, எல்லாவற்றையும் ஊற்றினாய். டாக்டரிடம் காட்டினாய். பிள்ளை நன்றாக இருக்கிறாள், குடும்பத்தில் யாரோ குட்டை, அவர்கள் வாகு என்று அவர் சொன்னார். உடனே டாக்டரை மாற்றினாய்.

அந்த யாரோ ஒருத்தி உங்கம்மாதான். அது உனக்குத் தெரியாமல் இல்லை. நீ பொங்கலுக்கு வந்து, "உங்க ஒசரந்தாம்மா அவளுக்கு வந்து தொலைச்சிருச்சு" என்று அடுப்படியில் நின்று சொன்னபோது, அவள் உன் தட்டில் வடை வைத்துக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டு வெளியே வந்தாள். என்னிடம் வந்து, "என்னயக் கட்டும்போது நீங்க கோல் வெச்சா அளந்தீங்க?" என்று கேட்டாள். "அளந்திருந்தா உங்க அக்காளக் கேட்டிருப்பேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. வழக்கமாக இதற்குச் சிரிப்பாள். தாயைக் குட்டை என்று சொல்லிவிட்டு அவள் சுட்ட வடையை இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட உன்னால் முடிந்தது. அந்தத் தெம்பு இருக்கிறவனுக்கு எந்த ராட்டினமும் ஒன்றும் செய்யாது.

அதே பொங்கலில்தான் அந்த ஷூ விவகாரம். யாழினி காரிலிருந்து இறங்கி நேராக வீட்டுக்குள் வந்தாள், ஷூவோடு. நம் வீட்டில் எந்தப் பிள்ளையும் அப்படி வந்ததில்லை. கோலத்தை மிதித்துக்கொண்டு, நடையைத் தாண்டி, சாமி படம் இருக்கிற இடம் வரைக்கும் வந்துவிட்டாள். "ஏஞ்சாமி, வாசல்ல கழட்டிப்போட்டு வா கண்ணு" என்றாள் உங்கம்மா. பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றது. "கழட்டக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு அப்பத்தா. பழகணுமாம்." என்ன பழகுவது என்று யாருக்கும் புரியவில்லை. நீ பின்னாலேயே வந்து, "விடுங்கம்மா, இப்பெல்லாம் வீட்டுக்குள்ள போட்டுக்கறாங்க" என்று மழுப்பினாய். மத்தியானம் அவள் கட்டிலில் அசந்து தூங்கும்போது உங்கம்மா மெதுவாக ஷூவைக் கழற்றினாள். உள்ளே பழைய யோகா விரிப்பை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டியிருந்தது. குதிகால் இரண்டிலும் தோல் உரிந்து, காலுறை புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தேங்காயெண்ணெய் தொட்டுத்தான் பிரிக்க முடிந்தது.

உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ வெட்கப்படவில்லை, விளக்கினாய். அங்கே ஷூவோடுதான் அளப்பார்களாம். அடியில் கொஞ்சம் ஏற்றிவைத்தால் கோடு தொட்டுவிடுமாம். ஆனால் புதிதாகப் போட்டால் பிள்ளை தடுமாறும், அளக்கிறவன் கண்டுபிடித்துவிடுவான், அதனால் இப்போதிருந்தே போட்டு நடந்து பழக வேண்டுமாம். போய்வந்த சிலர் இப்படிச் செய்து உள்ளே போயிருக்கிறார்கள் என்று போனில் எதையோ காட்டினாய். பிள்ளை தவறி விழக்கூடாது என்று ஒருவன் கோடு போட்டு வைத்தால், அதை ஏமாற்றிப் பிள்ளையை ஏற்ற நீ வழி பார்த்தாய். "விழுந்தா என்னப்பா பண்ணுவ?" என்றேன். "பெல்ட் போடுவாங்கப்பா" என்றாய். புண்ணைக் காட்டினேன். "அவதாங்கப்பா சொல்லல, சொல்லியிருந்தா பிளாஸ்திரி போட்டிருப்பேன்" என்றாய். சொன்னால் நீ கூட்டிக்கொண்டு போகமாட்டாய் என்று அந்தப் பிள்ளை வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கிறது. அது உனக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கியும் வசதியாக இருந்தது.

நான் ஏதோ இரக்கமுள்ளவன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. என் மண்டியில் விடியற்காலையிலிருந்து நடக்கிற வேலையே நீளம் பார்ப்பதுதான். நீளமான காய் முதல் ரகம், கட்டுக் கட்டிக் கேரள லாரியில் ஏறும். நடுத்தரம் உள்ளூர்க் கடைக்கு. குட்டையும் வளைந்ததும் கழிசல், மூலையில் போட்டுவிடுவோம், யாராவது வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். ஒரு காயைக் கையில் எடுத்ததும் எந்தக் குவியல் என்று கை தானாகவே வீசிவிடும். அதில் எனக்கு எந்த வருத்தமும் வந்ததில்லை. ஆனால் ஒரு காயையாவது நான் மாசக்கணக்கில் கம்பியில் தொங்கவிட்டு, கஞ்சி ஊற்றி, நீதான் முதல் ரகம், லாரியில் நீயும் ஏறப்போகிறாய் என்று ஆசை காட்டிவிட்டுப் பிறகு மூலையில் வீசினதில்லை. வீசுவதென்றால் முதலிலேயே வீச வேண்டும். அந்த நாணயம்கூட உன்னிடம் இல்லை.

போன மாசம் நீ போன் செய்து விஷயத்தைச் சொன்னபோது நான் மண்டியில்தான் இருந்தேன். பிள்ளை வளரவில்லை, ஷூவுக்குள் வைத்தும் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே நிற்கிறாள் என்றாய். மூன்று பேருக்கு டிக்கெட் போட்டாயிற்று, விசாவுக்கும் மூன்று பேர் பெயரைத்தான் கொடுத்திருக்கிறோம் என்றாய். கடைசி நேரத்தில் முடிவு செய்ததுபோல் பேசினாய். விசாவுக்குக் கொடுத்தவன் கடைசி நேரத்தில் முடிவு செய்தவன் இல்லை என்று கணக்குப் போட எனக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. அதாவது விசாவுக்கு மூன்று பேர் பெயரைக் கொடுத்த பிறகும் அவளைக் காலையில் எழுப்பி நிலையில் நிறுத்தி அளந்திருக்கிறாய். எதற்கு என்று கேட்டேன். "நிறுத்திட்டா சந்தேகம் வந்துரும்லப்பா" என்றாய். இந்த ஒரு வரியை நான் உங்கம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை. சொன்னால் உன் பெயரை வீட்டில் எடுக்கவிடமாட்டாள், எனக்குச் சோறும் ஒழுங்காகக் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை வந்தாய். கார் இன்ஜினைக்கூட நீ அணைக்கவில்லை. கவிதா இறங்கவே இல்லை, தலைவலி என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அழுதிருப்பாள் போலிருக்கிறது, கண் வீங்கியிருந்தது. அழுதாலும் இறங்கவில்லை. நிகில் தங்கச்சியைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும் என்று அப்போதே தெரிந்துகொண்டேன். பதிமூன்று வயசுப் பிள்ளையைப் பொய்க்குக் கூட்டாளி ஆக்கியிருக்கிறாய். யாழினி மட்டும் காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டி டாட்டா காட்டினாள். அவளுடைய ஜெர்க்கினை மறக்காமல் பெட்டியில் வைக்கச் சொன்னாள். நீ சரி என்று தலையாட்டினாய். அந்தத் தலையாட்டலை நான் பார்த்தேன்.

உங்கம்மா என்னிடம் மன்றாடினாள். பாஸ்போர்ட் வரவில்லை என்றே சொல்லிவிடலாம், சின்ன மனசு, கொஞ்ச நாளில் மறந்துவிடும், கொடைக்கானல் கூட்டிக்கொண்டு போய்ப் படகில் ஏற்றிக் காட்டலாம் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பொய்யில் ஒரு விஷம் இருப்பது எனக்குத் தெரிந்தது. பாஸ்போர்ட் வரவில்லை என்றால் அவள் நம்புவாள். நம்பி, நீங்கள் திரும்பி வந்ததும் மறுபடியும் நிலையில் போய்ச் சாய்ந்து நிற்பாள். அடுத்த வருஷத்துக்கு இப்போதிருந்தே கம்பியில் தொங்குவாள். நீயும் அளப்பாய். உன்னை எனக்குத் தெரியும், பாதியில் விட்ட கணக்கை நீ விடமாட்டாய். அதற்கு ஒரே அடியாக அடித்துவிடுவது மேல் என்று எனக்குப் பட்டது. சரியா தப்பா என்று நீ எனக்குச் சொல்ல வராதே, அந்த இடத்தில் நீ இல்லை.

நேற்று, திங்கட்கிழமை, மண்டிக்கு வருகிறேன் என்று அவளே கேட்டாள். கூட்டிக்கொண்டு போனேன். கேரள லாரி கிளம்பிப் போகும் வரை சாக்குக் குவியல் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். ஆட்கள் டீ குடிக்கப் போனதும், பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. "கண்ணு, உங்கப்பன் வியாழக்கிழமை ஊருக்குப் போறான். நீ போகல. அந்தக் கோட்டுக்குக் கீழ இருக்கறீன்னு உனக்கு டிக்கெட் போடல. மூணு பேரு மட்டும் போறாங்க" என்றேன். இப்படியேதான் சொன்னேன், ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று பார்த்தாள் போலிருக்கிறது. அழுவாள் என்று நினைத்துத் துண்டை எடுத்து வைத்திருந்தேன். அழவில்லை. கொஞ்ச நேரம் சாக்கு நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு என்ன கேட்டாள் தெரியுமா. "தாத்தா, அண்ணன் ஏறுறப்ப நான் கீழயே நிக்கறேன். எல்லாரோட பையும் நானே பாத்துக்கறேன். ஏறணும்னு கேக்கமாட்டேன். அப்பாகிட்ட சொல்லுங்க." பை பார்த்துக்கொள்கிற வேலைக்காவது வருகிறேன் என்கிறது, நீ பெற்ற பிள்ளை. நான் இந்த மார்க்கெட்டில் எத்தனையோ பேர் அழுது பார்த்திருக்கிறேன், யாருக்காகவும் யாரிடமும் கேட்டதில்லை. நேற்றுப் போனை எடுத்தேன். அவள் சொன்னதை என் யோசனை போல அப்படியே உன்னிடம் சொன்னேன், கேட்கச் சொன்னது அவள் என்று மட்டும் சொல்லவில்லை.

நீ சொன்னது உனக்கு நினைவிருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். "அப்பா, வெளையாடறீங்களா? அவளத் தனியா நிக்கவைக்க முடியுமா? யாராச்சும் ஒருத்தர் கூட நிக்கணும். அப்ப எங்கள்ல ஒருத்தருக்கு ரைடு போச்சு. ஒரு வருசமா பிளான் பண்ணியிருக்கேன். அவ வந்தா இழுவைதாங்கப்பா. விசாவும் இல்ல. நீங்க பாஸ்போர்ட் கதையச் சொல்லி முடிச்சுருங்க, நா ஒரு நல்ல பொம்மையா வாங்கிட்டு வந்தர்றேன்." சரி என்று வைத்தேன்.

மண்டியில் என் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். லாரி இரைச்சலில் காதில் வைத்தால் ஒன்றும் விழாது. ஊரே கேட்கிறது, ஸ்பீக்கரைப் போடாதீர்கள் என்று நீ என்னோடு எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறாய். நேற்று ஸ்பீக்கரில் இருக்கிறதா என்று நீ கேட்கவில்லை. லாரி போய்விட்டது, ஆட்கள் இல்லை, இரைச்சலும் இல்லை. நான் அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்லப்போவதில்லை. நீ பேசின ஒவ்வொரு சொல்லும் அவளுக்குக் கேட்டது, இழுவை என்று சொன்னதும் கேட்டது, பொம்மை வாங்கி வருவதும் கேட்டது.

வீட்டுக்கு வந்து உங்கம்மாவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். "அவன் ஒரு மாதிரிக் கொடுமைக்காரன், நீங்க ஒரு மாதிரி. நடுவுல அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

யாழினி மண்டியிலேயே ஒன்று சொன்னாள். போனை நான் பையில் வைத்த பிறகு, சாக்கிலிருந்து இறங்கி, பாவாடையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, "தாத்தா, இனிமே அப்பா கூப்பிட்டா நான் தூங்கறேன்னு சொல்லிருங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்பதுபோல் சொன்னாள்.

நேற்றுச் சாயங்காலம் ஒரு தடவை கூப்பிட்டாய், இன்று காலை ஒரு தடவை கூப்பிட்டாய். தூங்குகிறாள் என்றேன். "இந்நேரத்துலயா?" என்று கேட்டாய். பிறகு, வெயிலில் விளையாடிக் களைத்திருப்பாள் என்று நீயே காரணமும் சொல்லிக்கொண்டாய். இரண்டு தடவையும் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். உன் குரல் வந்ததும் மூச்சுச் சத்தம் கேட்கக்கூடாது என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பிள்ளையிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை, உன்னிடம் நன்றாகவே வருகிறது. நல்லபடியாகப் போய்வா. ஜெர்மனியிலிருந்து கூப்பிடு, ஹாலந்திலிருந்து கூப்பிடு, எந்த நேரத்தில் வேண்டுமானாலும் கூப்பிடு. தூங்கிக்கொண்டுதான் இருப்பாள்.

அப்பா